நம்ம வீட்டு எண்ணெய்

எங்கள் ஊரில் யார் வாயைத் திறந்தாலும் வந்து விழுகிற சொல் ஒன்று உண்டு. "ஒன்னும் ஆகாது." பைபாஸ் ரோட்டில் எதிர்த்திசையில் வண்டி ஓட்டுகிறவன் அதைத்தான் சொல்வான். ராத்திரி வைத்த சாம்பாரை மோந்து பார்த்துவிட்டு, சூடு பண்ணினால் ஒன்னும் ஆகாது என்பார்கள். நானும் மதுரைக்காரிதான், எத்தனையோ தடவை சொல்லியிருப்பேன். இப்போது என் முன்னால் யாராவது சொன்னால் எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிடும். போன மாதம் வகுப்பில் ஒரு பையன் எதற்கோ அப்படிச் சொல்லி என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். பாவம், எதற்காகத் திட்டு வாங்கினோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

நான் மதுரையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் இங்கிலீஷ் டிபார்ட்மென்ட் தலையில் கட்டிவிடுவது எங்கள் முதல்வரின் வழக்கம். டென்மார்க்கிலிருந்து மூன்று வாரத்துக்கு வந்த மாணவர் கூட்டமும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது. ஆளுக்கொரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, நம் பண்பாட்டைத் தெரிந்துகொள்ளப் போகிறார்கள் என்று முதல்வர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். பண்பாடு என்றால் நம்மூரில் வேறென்ன, சோறுதான். போதும் போதும் என்று இலையை இரண்டு கையாலும் மூடினாலும் விரல் இடுக்கில் குழம்பை ஊற்றுகிற ஆட்கள் நாம்.

அவர்கள் கிளம்புவதற்கு முன்பே ஒரு பெண்ணின் அம்மா என்னோடு பேச வேண்டும் என்று கேட்டு, வீடியோ காலில் வந்தார். மெலிந்த முகம், சிரிப்பே இல்லை. மகளுக்கு நிலக்கடலை ஆகாது என்றார். நான் சாதாரணமாகத் தலையாட்டினேன். எனக்குக் கத்தரிக்காய் ஆகாது, அரிக்கும். அந்த மாதிரி என்று நினைத்தேன். அவர் என் தலையாட்டலைப் பார்த்துவிட்டு, அப்படி இல்லை என்றார். சின்ன வயதில் ஒரு பிறந்தநாள் விழாவில் யாரோ கொடுத்த பிஸ்கட்டைக் கடித்து, மூச்சு அடைத்து, மகள் தன் கையில் கிடந்து நீலமாகிப்போனதைச் சொன்னார். பிறகு பேனா மாதிரி இருந்த ஒரு ஊசியைத் தூக்கிக் காட்டினார். அப்படி இரண்டு ஊசிகள் ஒரு சின்னப் பையில் எப்போதும் மகள் இடுப்பில் இருக்கும். ஏதாவது நடந்தால் உடனே தொடையில் குத்த வேண்டும், தாமதித்தால் பிள்ளை இல்லை. கடைசியாக அவர் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அவளைக் கேட்டால் ஒன்றுமில்லை என்றுதான் சொல்வாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்கப் பிடிக்காது அவளுக்கு. அவள் சொல்வதை நம்பாதீர்கள். உதட்டைப் பாருங்கள். உதடு தடித்தால் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்."

போனை வைத்த பிறகு ஒவ்வொரு இடமாக எண்ணிப் பார்த்தேன். எங்கள் ஊரில் கடலை இல்லாத இடம் எது? சட்னியில் கடலை, பொடியில் கடலை, தாளிக்கிற எண்ணெய் கடலை. பஸ் ஸ்டாண்டில் கடலை, கோயில் வாசலில் கடலை, சினிமா கொட்டகையில் கடலை. இந்த ஊருக்குத்தானா அந்தப் பிள்ளை வர வேண்டும்?

யோசித்து யோசித்து, அவளை என் அக்கா வீட்டில் தங்கவைத்தேன். வேறு யாரையும் நம்ப எனக்கு மனது வரவில்லை. அக்கா வீடு கோச்சடையில், வைகைக்குப் பக்கத்துத் தெருவில். அத்தானுக்கு டவுனில் எலக்ட்ரிகல் கடை, சொந்த ஊர் கொட்டாம்பட்டிப் பக்கம். அங்கே தோட்டம் இருக்கிறது. ஒரே பையன் படித்து முடித்து வெளியூருக்கு வேலைக்குப் போய்விட்டான். பொம்பளப் பிள்ளை இல்லாத குறை அக்காவுக்கு ரொம்ப நாளாக உண்டு.

விஷயத்தைச் சொன்னதும் அக்கா வாயில் கை வைத்தாள். "ஏண்டி, கடலையத் தின்னா செத்துப் போவாங்களா? நம்ம ஊர்ல அம்புட்டுப் பேரும் போயிச் சேந்துருக்கணுமே!"

"நமக்கு ஒன்னும் செய்யாதுக்கா. அவளுக்குச் செய்யும். ஒத்தக் கடலை போதும். எண்ணெயும் கூடாது."

"எண்ணெயுமா?"

"எண்ணெயும்தான்."

நானே சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட்டுகளை வாங்கிக்கொண்டு போய் அவள் சமையற்கட்டில் அடுக்கினேன். அக்கா டப்பா டப்பாவாக வீட்டைத் துழாவி, வறுத்த கடலை, கடலை மிட்டாய், இட்லிப் பொடி எல்லாவற்றையும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். எண்ணெய்த் தூக்கைக் கழுவிக் கவிழ்த்தாள். அம்மிக்கல்லைக்கூட விடவில்லை, தேய்த்துக் கழுவினாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்தச் சமயத்தில் அவள் திரும்பி, ரொம்ப யோசித்தவள் மாதிரி கேட்டாள்.

"அவங்க ஊர்க் கடலைதான ஆகாது? மெஷின்ல வெளைய வச்சு, மருந்தா அடிச்சிருப்பாங்க. அதான் ஒத்துக்காமப் போயிருக்கும்."

"எந்த ஊர்க் கடலையும் ஆகாதுக்கா."

"சரிடி தாயே, கத்தாத" என்றாள். சரி என்று சொல்லிவிட்டாளே, அதோடு முடிந்தது என்று நான் வந்துவிட்டேன்.

அந்தப் பெண் வந்தாள். உயரமானவள், எலும்பும் தோலுமாக, மூக்கின் மேல் புள்ளி புள்ளியாக மச்சங்கள். இடுப்பில் நீலப் பை. குளிக்கப் போனால் மட்டும் அதைக் கழற்றிக் கதவில் மாட்டுவாளாம். "என்னடி இது, கண்டக்டர் மாதிரி" என்று அக்கா முதல் நாளே கேலி பண்ணினாள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் அவள் விழுந்து விழுந்து சிரித்து, அக்காவுக்கு டிக்கெட் கிழித்துக் கொடுப்பதுபோல் கையை நீட்டினாள். அக்காவின் மனது அங்கேயே அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தப் பெண் அக்காவுக்குத் 'தங்கம்' ஆகிப்போனாள், அக்கா அவளுக்கு 'அம்மா'. இருவருக்கும் பொதுவாக ஒரு பாஷையும் கிடையாது. எப்படித்தான் பேசிக்கொண்டார்களோ, எந்நேரமும் பேச்சுதான்.

அவள் முதலில் கற்றுக்கொண்ட தமிழ் 'சாப்ட்டீங்களா'. எங்கே போனாலும் எல்லோரும் அவளிடம் அதையே கேட்டார்கள். எல்லாரும் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து இரண்டு நாள் மிரண்டுபோயிருந்தாள். அது இங்கே வணக்கம் சொல்கிற மாதிரி என்று நான் விளக்கியதும் அவளுக்கு ஒரே குஷி. ஆட்டோக்காரரிடம் கேட்டாள், டிராபிக் போலீஸிடம் கேட்டாள், தெருவில் படுத்திருந்த மாட்டிடமும் குனிந்து கேட்டாள். டிராபிக் போலீஸ்காரர், "இன்னும் இல்லம்மா, டூட்டி முடியல" என்று பொறுப்பாகப் பதில் சொன்னார்.

மற்ற பிள்ளைகள் கோலம் போட்டார்கள், பருத்திப்பால் குடித்தார்கள், மாசி வீதிகளில் பேரம் பேசி ஏமாந்தார்கள். நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். யார் எதை நீட்டினாலும் பாய்ந்து போய்க் குறுக்கே நின்றேன். என்னைப் பார்த்தாலே சிடுமூஞ்சி என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், நினைத்துவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு இடத்திலும் எனக்குக் கிடைத்த பதில் ஒன்றேதான். "அட, ஒரு வாய்தான டீச்சர். ஒன்னும் ஆகாது."

இரண்டாவது வாரம் திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு எல்லோரையும் கூட்டிப்போனோம். திரும்பும்போது பஸ் ஸ்டாண்டில், தள்ளுவண்டியில் அவித்த கடலை விற்ற ஒரு அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்து, உள்ளங்கை நிறையக் கடலையைக் கொட்டிவிட்டார். நான் ஓடிப்போய்த் தட்டிவிட்டேன். கடலையெல்லாம் ரோட்டில் சிதறியது.

"பிள்ள கையில ஆசையாக் குடுத்தத இப்பிடித் தட்டி விடுறியே, நீயெல்லாம் வெளங்குவியா?" என்று அந்த அம்மா கத்தினார். சுற்றி நின்றவர்கள் என்னைத்தான் முறைத்தார்கள். அந்தப் பெண் என் காதருகே, "அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், பாவம்" என்றாள். அவள் கையைப் பாட்டில் தண்ணீரால் கழுவிவிட்டேன். வேன் கப்பலூரைத் தாண்டுவதற்குள் உள்ளங்கையும் மணிக்கட்டும் சிவந்து தடித்துவிட்டன. தின்னவில்லை, கையில் பட்டதுதான். நான் வழி முழுக்க அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். உதட்டுக்கு ஒன்றுமில்லை.

அக்காவிடம் அந்தக் கையைத் தூக்கிக் காட்டினேன். இனியாவது அவளுக்குப் பயம் வரட்டும் என்றுதான் காட்டினேன். அக்கா தேங்காய் எண்ணெயை எடுத்துத் தடவிக்கொண்டே, "பாத்தியா, கடைக் கடலை. என்னென்ன மருந்தடிச்சு வச்சிருக்கானுகளோ, படுபாவிப் பயலுக" என்றாள்.

"அக்கா, மருந்து இல்ல. கடலையே ஆகாது."

"ஆகாதுங்குறது தெரியுதுடி. நான் என்ன, குடுக்கவா போறேன்?"

அதன் பிறகு அக்கா அடிக்கடி ஒரு புலம்பலை ஆரம்பித்தாள். பாக்கெட் எண்ணெயில் சமைக்கிறேன், வாசமே இல்லை, வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு இப்படியா ஆக்கிப்போடுவது, மனது கேட்கவில்லை. தோட்டத்துக் கடலை இருக்கிறது, மருந்து என்ற பேச்சே இல்லாமல் அத்தான் பார்த்துப் பார்த்து விளைய வைத்தது, செக்கில் கொடுத்து ஆட்டினால் தெருவே மணக்கும். இப்படியே போகும் அந்தப் புலம்பல். நான் ஒவ்வொரு தடவையும் வள்ளென்று விழுந்தேன். "ஒனக்கு எப்பவும் பயந்தான்டி. சின்னப் பிள்ளைல பல்லிக்குப் பயந்தவதான நீ" என்பாள். அந்தப் பெண் நாங்கள் சண்டை போடுவதைப் பார்த்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்து, "சாப்ட்டீங்களா?" என்று கேட்டுச் சிரிக்க வைத்துவிடுவாள். சிரித்துவிட்டால் சண்டை எங்கே நிற்கும்?

கடைசி ஞாயிற்றுக்கிழமை அத்தானின் தோட்டத்தில் எல்லோருக்கும் விருந்து. அக்காவின் ஏற்பாடுதான். பெண்பிள்ளைகள் சேலையும் பையன்கள் வேட்டியும் கட்டிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லியிருந்தோம். நான் மற்ற பிள்ளைகளையும் அவர்களோடு வந்திருந்த ஆசிரியரையும் கல்லூரி வேனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். அந்தப் பெண் மட்டும் அக்காவோடும் அத்தானோடும் காரில் வந்தாள்.

காரிலிருந்து அவள் இறங்கியதும் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அக்காவின் அரக்குப் பட்டு, அக்காவின் ஆரம், தலை நிறைய மல்லிகை. நடக்கத் தெரியாமல் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். அத்தானின் சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டு கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். நான் இடுப்பைப் பார்த்தேன். நீலப் பை இல்லை.

"பை எங்கக்கா?"

"பத்திரமா இருக்குடி. நாந்தான் வச்சிருக்கேன். நீ போயி மத்த பிள்ளைகளப் பாரு" என்றாள் அக்கா. அவள் தோளில் பெரிய கைப்பை தொங்கியது. அதில் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு நான் போனேன்.

அன்று நல்ல வெயில். காற்றே இல்லை. மாந்தோப்பில் ஒரு இலைகூட ஆடவில்லை. ஒரு பக்கம் அடுப்பு எரிய, மறுபக்கம் பிள்ளைகள் வரப்பில் வழுக்கி விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அறுவடை முடிந்த கடலைக்கொடி தோட்டத்தின் ஓரத்தில் மலையாகக் குவிந்து கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க என்னவோ போல் இருந்தது. அவளை அந்தப் பக்கமே விடாதீர்கள் என்று ஆசிரியரிடம் சொல்லி, குவியலுக்கு எதிர்க்கோடியில் பந்தி போடச் சொன்னேன். அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு ஒருமுறைக்கு இருமுறை கேட்டேன்.

"சமையல்ல கடலை ஏதும் இல்லையேக்கா?"

"மீனாச்சி சத்தியமா ஒத்தக் கடலை கெடயாது. போதுமா?"

இலை போட்டார்கள். கறிக்குழம்பு, வடை, அப்பளம், பாயசம். பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்கார முடியாமல் நெளிந்தார்கள். அக்கா அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் தண்ணீர் எடுத்துவர அடுப்படிப் பக்கம் போனேன். வடை சட்டி இன்னும் இறக்கப்படவில்லை.

அந்த வாசனை அப்போதுதான் என் மூக்கில் ஏறியது. மதுரையில் பிறந்தவர்களுக்கு அந்த வாசனையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. புதிதாகச் செக்கில் ஆட்டிய எண்ணெய், சட்டியில் காயும்போது வருகிற வாசனை.

"அண்ணே, இது என்ன எண்ணெய்?"

சமையல்காரர் கரண்டியால் பக்கத்திலிருந்த தகரத்தைத் தட்டிக் காட்டினார். "நம்ம வீட்டு எண்ணெய் டீச்சர். அக்கா நேத்தே ஆட்டிக் குடுத்து விட்டுருந்துச்சு. விருந்துக்குப் பாக்கெட் எண்ணெயா ஊத்துவாக?"

செம்பைப் போட்டுவிட்டு ஓடினேன். யார் காலை மிதித்தேன், எந்த இலையைத் தாண்டினேன் என்று தெரியாது. பந்தியில் அக்கா ஒரு வடையைப் பிட்டுக் குழம்பில் நனைத்து அவள் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டிருந்தாள். "ஆ காட்டு தங்கம். இன்னும் ஒரு வாய்." அந்தப் பெண் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். அவள் கண்ணில் தண்ணீர் கோத்திருந்தது. ஒரு கை கழுத்தைச் சொறிந்துகொண்டிருந்தது. உதடு தடித்துப்போயிருந்தது.

அவளுக்குத் தெரிந்திருக்கிறது! வாய் அரிக்க ஆரம்பித்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அம்மா ஊட்டுகிறாள், சுற்றி இத்தனை பேர் பார்க்கிறார்கள், எப்படி வேண்டாம் என்று சொல்வது என்று விழுங்கியிருக்கிறாள். நான் அக்காவின் கையைத் தட்டிவிட்டு, "துப்பு, துப்பு" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்து, இங்கிலீஷில், "ஒன்றுமில்லை, கொஞ்சம் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்" என்றாள். குரல் பாதியில் கீச்சென்று போனது.

"ஊசி! அக்கா, பையை எடு!"

அக்கா கைப்பையைத் திறக்கவில்லை. அவள் கை இடுப்புக்குப் போனது. அங்கே சொருகியிருந்த சாவிக்கொத்தைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்டி. பட்டுக்கு மேல அந்தப் பையக் கட்டுனா நல்லா இல்லைன்னு..."

பீரோ கோச்சடையில் இருந்தது. நாங்கள் அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், கொட்டாம்பட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில் இருந்தோம். சாவி மட்டும் எங்களோடு இருந்தது.

அந்தப் பெண் எழுந்திருக்கப் பார்த்து, கொசுவம் காலில் தட்டி, இலை மேலேயே சரிந்து விழுந்தாள். அதற்குப் பிறகு ஒரே கூச்சல். ஒருத்தி எலுமிச்சம்பழம் கொண்டுவா என்றாள். ஒருத்தி, "இம்புட்டு அழகாச் சேலையக் கட்டி விட்டா கண்ணு படாம என்ன செய்யும்" என்று அடுப்படிக்கு மிளகாய் எடுக்க ஓடினாள். "பித்த மயக்கந்தான், வெயிலு, ஒன்னும் ஆகாது" என்று ஒரு பெரியவர் என் தோளைத் தட்டினார். அவரைப் பிடித்துத் தள்ளினேன். கூட வந்த ஆசிரியர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்து, "உட்கார வைக்காதீர்கள், படுக்க வையுங்கள், காலைத் தூக்குங்கள்" என்று கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். அத்தான் காரைத் தோப்புக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்.

பின்சீட்டில் அவள் தலை என் மடியில். கால்கள் அக்காவின் தோளில். மூச்சு விசில் மாதிரி வந்துகொண்டிருந்தது. முகம் வீங்கிக் கண்கள் கோடாகிவிட்டன. அந்தப் பிள்ளை கையால் என் முழங்காலை அடித்துக்கொண்டே இருந்தது. நான் அதன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு விடு, மூச்சு விடு என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். மல்லிகை வாசனையும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து கார் முழுக்க நிறைந்திருந்தன.

"எண்ணெயும் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"நம்ம தோட்டத்துக் கடலைடி. மருந்தே அடிக்காதது. அது என்ன செய்யப் போகுதுன்னு..." அக்கா அழவில்லை. சின்னப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் சொல்லிக்கொண்டே இருந்தாள். "கடையில வாங்கலடி. நம்ம வீட்டு எண்ணெய். நம்ம வீட்டு எண்ணெய்டி."

"கொன்னுட்டியேக்கா! பெத்தவ என்னைய நம்பி அனுப்புனா, நான் ஒன்னைய நம்புனேன். பாவி, கொன்னுட்டியே!"

கூடப் பிறந்தவளை அப்படிச் சொல்லலாமா என்று பிறகு எல்லோரும் கேட்டார்கள். சொன்னேன். அந்த நேரத்தில் அவளை அந்தக் காரிலிருந்து தள்ளிவிட்டிருந்தாலும் விட்டிருப்பேன். ஏதோ ஒரு இடத்தில் முழங்காலை அடித்த கை நின்றுவிட்டது. உதடு நீலமாக மாறத் தொடங்கியது. அவள் அம்மா சொன்ன அதே நீலம்.

கொட்டாம்பட்டி அரசு ஆஸ்பத்திரி வாசலில் அத்தான் ஹாரனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நிறுத்தினார். உள்ளேயிருந்து ஓடிவந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். கடலை எண்ணெய் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் திரும்பி நர்சிடம் மருந்து பெயரைச் சொல்லிவிட்டார். ஸ்ட்ரெச்சரில் வைத்தே, பட்டுச்சேலையைத் தொடை வரைக்கும் தூக்கி, ஊசியைக் குத்தினார்கள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று குத்தினார்கள். எல்லோரும் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு நின்றோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு அவள் இருமினாள். அந்த இருமல் சத்தத்துக்கு நான் தரையில் உட்கார்ந்து, தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

ஆம்புலன்ஸில் மதுரைக்குக் கொண்டுவந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டு நாள் பார்த்தார்கள். பிழைத்துவிட்டாள். அவள் அம்மாவை நான்தான் கூப்பிட்டேன். அவர் கத்தவில்லை. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "பை எங்கே இருந்தது?" நான் சொன்னேன். அவர் முகத்தைப் போனிலிருந்து திருப்பிக்கொண்டார்.

அக்கா ஆஸ்பத்திரியை விட்டு நகரவில்லை. ஆனால் அறைக்குள்ளும் வரவில்லை. வெளியே பெஞ்சில், விருந்தன்று கட்டிய சேலையோடு, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தான் வீட்டிலிருந்து டிபன் கொண்டுவந்தால் மூடியைக்கூடத் திறக்கவில்லை. நான் அவளோடு பேசவில்லை. எனக்குக் கோபம் ஆறவில்லை, உண்மையைச் சொன்னால் இன்னும் முழுக்க ஆறவில்லை.

அந்தப் பெண்தான் அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் நானே போய், "கூப்புடுறா, வா" என்றேன். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள், உள்ளே ஒரு எட்டு வைக்கவில்லை. அந்தப் பெண் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடு இன்னும் முழுசாக வடியவில்லை. அக்காவைப் பார்த்ததும் அந்த உதட்டை இழுத்துச் சிரித்து, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாள்.

"அம்மா, சாப்ட்டீங்களா?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நடந்தாள். படியிறங்கி, வாசல் தாண்டி, ரோட்டில் நடந்து போனாள். அத்தான் பின்னாலேயே ஓடினார்.

அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் இப்போதும் எனக்கு மெசேஜ் அனுப்புவாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்பாள். நன்றாக இருக்கிறாள் என்று எழுதுவேன். வேறென்ன எழுதுவது?

போன வாரம் கல்லூரி முடிந்து அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நாங்கள் பேசத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கதவைத் திறந்தாள். "வா" என்றாள். மதுரையில் ஒரு வீட்டு வாசலில் 'வா'வுக்கு அடுத்து என்ன கேட்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா கேட்கவில்லை. அன்றிலிருந்து அவள் யாரையும் அதைக் கேட்டதில்லை என்று அத்தான் சொன்னார், கடைப் பையன்களைக்கூட, பெற்ற மகனைக்கூட. எனக்குப் பசித்தது, நானே தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், இன்னும் கொஞ்சம் என்று சொல்லவில்லை. எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற வரைக்கும் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.